நேர்ந்துகொண்ட முடி

பதினாறரை என்பது யாரும் கேக் வெட்டுகிற வயதில்லை. ஆனால் சிங்கப்பூரில் ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்த அரை வயது மறக்காது. அந்த வயதில் பையன் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் ராணுவம். உலகத்தில் எந்த மூலையில் குடியிருந்தாலும் சிவப்புப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறவரை இதுதான் சட்டம். நாங்கள் அந்த மூலைகளில் ஒன்றான ஆக்லாந்தில், ரானுயியில் இருந்தோம். மகன் பதினோராம் வகுப்பு முடித்திருந்தான். தலைமுடியைத் தோள் வரை வளர்த்துக் கொண்டை போட்டிருந்தான்.

என் கணவர் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "வாடா, உக்காரு. பத்து நிமிஷ வேலை."

மகன் கால்பந்து ஆடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் தட்டினான். உயரம், எடை, பள்ளிக்கூடம், மூச்சிரைப்பு உண்டா. கடைசியில் கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். "இத அமுக்கலன்னா என்ன ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"அமுக்கிட்டுப் போய்க் குளி," என்றார் அவர்.

அவன் அமுக்கினான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். கடைகிற வேகத்தைப் பார்த்து என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் மத்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இங்கே வருவதற்கான விசா கைக்கு வந்தபோது பையனுக்குப் பதினொரு வயது. அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம். என் கணவர்தான் ஒற்றைக்காலில் நின்றார். "ஆறாம் வகுப்புப் பரீட்சைய எழுதிட்டுப் போகட்டும். இவ்வளவு டியூஷன் வச்சு, பாதியில விட்டா எப்படி?" தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்றால் சிங்கப்பூரில் அது பிள்ளைக்கு மட்டும் நடக்கிற பரீட்சை இல்லை. அப்பா லீவு போடுவார். அம்மா விரதம் இருப்பாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். எழுதினான். நல்ல மதிப்பெண், தமிழிலும்கூட. அதைத் தூக்கிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்தால், இங்கே பள்ளிக்கூடத்து அம்மாள் அந்தத் தாளை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ, லவ்லி" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தாள். ஒரு பரீட்சைக்காக ஒரு வருஷம் தங்கினோம். இவ்வளவுதான் அப்போது எங்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. சின்னக் குழந்தையாக ஊரைவிட்டு வந்து, அங்கே படிப்பு, சலுகை எதையும் பெரிதாக அனுபவிக்காத பையன்கள் சிலருக்கு விதிவிலக்கு கிடைப்பதுண்டு. இருபத்தொரு வயது வரை சேவையைத் தள்ளிவைத்து, பிறகு குடியுரிமையை விட்டுவிட அனுமதிப்பார்கள். எத்தனை வயது வரை அங்கே படித்தான் என்றும் பார்ப்பார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் எங்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும். இதை நான் என் கணவரிடம் சொல்லிக்காட்டாத வாரம் கிடையாது. உப்பு குறைந்தால் சொல்வேன். மோட்டார்வேயில் வழி தவறினால் சொல்வேன். அவரும் வாய் திறக்க மாட்டார், கல்லுளிமங்கன்.

ஆனாலும் எழுதிப் பார்ப்போம் என்று எழுதினோம். பையன் இங்கேதான் வளர்கிறான், இங்கேதான் வாழப்போகிறான், கருணை காட்டுங்கள் என்று. எழுதியது என் கணவர். கையெழுத்துப் போடும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவர் ராணுவச் சேவையை முடித்தவர். பிறகு வருஷாவருஷம் கூப்பிட்டபோதெல்லாம் போய்வந்தவர். கூட இருந்தவர்களோடு இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் கும்மாளம் அடிக்கிறவர். மழையில் பள்ளம் தோண்டிய கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன். தன் மகனுக்கு விலக்குக் கேட்டு அவரே எழுதியது அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியதும் வாய் தானாகவே சொல்லிவிட்டது. முருகா, என் பிள்ளையை இதிலிருந்து விடுவித்துவிடு, அவன் முடியை உனக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறேன்.

அவனுக்குத் தலைமுடி என்றால் உயிர். காலையில் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்கும். அதனால்தான் அதை நேர்ந்துகொண்டேன். வேண்டாத பொருளைக் கொடுத்தால் சாமி எதற்கு வேலை செய்யவேண்டும்? அவனிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மொட்டை, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு மொட்டை, வேண்டிக்கொள்வது பெரியவர்கள், தலையைக் கொடுப்பது பிள்ளை.

முடியாது என்று பதில் வந்தது. மரியாதையான நாலு வரி. பன்னிரண்டாம் வகுப்போ, இங்கே கடைசி வகுப்பான பதிமூன்றோ, பள்ளியை முடித்துவிட்டு வந்து சேரவேண்டும். வராவிட்டால் அது குற்றம். அதற்குப் பிறகு சிங்கப்பூரில் கால் வைத்தால் பிடிப்பார்கள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "முருகன் கிட்ட உன் முடிய நேர்ந்துக்கிட்டேன்டா. அதையும் அவர் காதுல போட்டுக்கல," என்று அழுதேன்.

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். "என் முடியையா?"

"பின்ன யாரு முடிய?"

அவன் கத்துகிற பையன் இல்லை. மெதுவாக, தமிழில், வார்த்தைகளைத் தேடித்தேடிச் சொன்னான். "கவர்மெண்ட் கேக்காம என்னை எழுதிக்கிச்சு. அப்பா கேக்காம பட்டனை அமுக்கச் சொன்னாரு. நீங்க கேக்காம சாமிகிட்ட குடுத்துட்டீங்க. என்கிட்ட யாராச்சும் எதாச்சும் கேட்டீங்களா, மா?" எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனான். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்திருந்தால் நான் இரண்டு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன்.

அடுத்த வாரம் கோயில் அன்னதானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற யாழ்ப்பாணத்து அக்கா என் முகத்தைப் பார்த்தே என்ன என்று கேட்டுவிட்டார். சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"எங்கட அண்ணாவை அம்மா நெல்லு மூட்டையளுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சவ," என்றார். "சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போகினம் எண்டு. நீங்கள் டிக்கெட் எடுத்து அனுப்பப் போறியளே?"

"அக்கா, அங்க சண்டை ஒண்ணும் இல்ல. பயிற்சிதான். எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் போகுதுங்க."

"ஓம், பயிற்சிதான். தாய்க்கு எல்லாம் ஒண்டுதான்." பிறகு என் கையைத் தொட்டு, "பிழையா எடுக்காதேங்கோ. எனக்கு அந்த நினைவு வந்திட்டுது, அதுதான் கதைச்சனான்," என்றார். அவர் அண்ணா பிறகு என்ன ஆனார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அக்காவின் அண்ணாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். மழை வேறு. வண்டியை நிறுத்துவதற்குள் முடிவு செய்துவிட்டேன், என் பிள்ளை போகப்போவதில்லை. பிடிக்கிறவர்கள் வந்து பிடிக்கட்டும்.

ஆனால் அந்த முடிவுக்குக் குறுக்கே ஒருவர் இருந்தார். என் அப்பா. சிங்கப்பூரில், ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போனதால் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போவார். என்னோடு வந்துவிடுங்கள் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "எனக்கும் குளிருக்கும் ஆகாதும்மா" என்று முடித்துவிட்டார். நான் ஒரே பெண். என் மகன்தான் அவருக்கு ஒரே பேரன். நானும் கணவரும் வேலைக்குப் போன காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டில்தான் இருப்பான். தாத்தாவும் பேரனும் மைலோ குடித்துக்கொண்டு டிவியில் மல்யுத்தம் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு வீரன் கட்சி. அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கே போனில் முகம் பார்த்துப் பேசினேன். "அப்பா, தம்பிய நான் அனுப்பப் போறதில்ல. அப்புறம் அவன் அங்க வர முடியாது. எதுக்கும் வர முடியாது." எதுக்கும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கென்னா லா. மண்டாய் சுடுகாட்டுல இப்ப எல்லாம் பட்டன்தான்மா. யாரு அமுக்குனா என்ன? ஆபீஸ் ஆளு அமுக்கிட்டுப் போறான். இதுக்காகப் பிள்ளைய ரெண்டு வருஷம் வெயில்ல ஓட விடுவாங்களா?" சிரித்தார். "வர வேணாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் மகன் நிற்கிறான். கையில் துவைத்த துணிக் கூடை. எவ்வளவு கேட்டான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.  கூடையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அவன் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம், ஆட்டம், பகுதிநேர வேலை, தூக்கம். என் கணவர் பேச்செடுக்கப் போனால் நான் கண்ணைக் காட்டி நிறுத்துவேன். ஒரு சனிக்கிழமை அவன் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வெஸ்ட்கேட்டுக்குக் காய்கறி வாங்கப் போனோம். வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான்.

"நான் போறேன், மா."

"தாத்தாவுக்காகப் போகாத. அவரே வேணாம்னு சொல்லிட்டாரு."

"வேணாம்னு சொன்னாரு, அதான்." சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். "வான்னு சொல்லியிருந்தா கோவம் வந்திருக்கும். அவர் மட்டும்தான் என்கிட்ட எதுவும் வேணும்னு கேக்கல. இன்னொண்ணு. போகலன்னா ஒவ்வொரு தடவையும் பிளைட் சிங்கப்பூர்ல நிக்குதான்னு பாத்துப் பாத்து ஏறணும். நான் ஒண்ணும் திருடல. எதுக்கு ஒளியணும்?"

எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்கு ஆள் இருக்கிறது என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அதை மறைக்க, "இறங்கு, நல்ல வெண்டைக்காய் எல்லாம் தீந்துடும்," என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னான். அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளம் தோண்டிய கதையை மறுபடி ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவரோ கராஜுக்குள் போய், பழுது பார்க்க ஒன்றுமில்லாத சைக்கிளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன். மகனும் வந்தான்.

"டேய்," என்றார், எங்களைப் பார்க்காமல். "பிடிக்கலன்னா வேணாம். நெஜமாத்தான் சொல்றேன். நான் பெருமையாப் பேசுறதெல்லாம் முடிச்சு வந்ததுக்கப்புறம் பேசுறது. முதல் ராத்திரி போர்வைக்குள்ள அழுதேன். யாருக்கும் தெரியாது." சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "அந்தப் பரீட்சைக்காக உன்னை நிறுத்தி வச்சது நான்தான். உங்கம்மா சொல்றது சரி."

இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. "அந்தப் பரீட்சையாலதான் தம்பி அவங்க தாத்தாகூடத் தமிழ்ல பேசுறான். விடுங்க," என்றேன். அதற்குப் பிறகு நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. உப்பு குறைந்தால்கூட.

பள்ளியை முடித்தான். புறப்படுவதற்கு முந்தின நாள் மகன் என்னிடம் வந்தான். "அங்க போனதும் மெஷின் வச்சு எடுத்துருவாங்க. நீங்க எடுங்க, மா."

"எதை?"

கொண்டையைத் தொட்டுக் காட்டினான். "கோயிலுக்குக் கொண்டு போங்க."

"வேணாம்டா. நான் கேட்டது நடக்கல. நடக்காததுக்குக் குடுக்க வேண்டியதில்ல. அது கணக்குல வராது."

"கணக்கு இல்ல, டீல் இல்ல. இது நான் குடுக்குறது. சும்மா."

சும்மா என்று அவன் சொன்னதும் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். கராஜில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டோம். கதவு திறந்திருந்தது. வெளியே தூறல். அவன் குளித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். கொண்டைக்கு அடியில் கத்தரிக்கோலை வைத்தேன். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். "வலிக்காது, வெட்டுங்க," என்றான், எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. வெட்டினேன். அடர்த்தியான முடி, ஒரே வெட்டில் வரவில்லை. பிறகு மெஷினை வாங்கி மிச்சத்தை எடுத்தேன். நெற்றியிலிருந்து பின்னால் போகப்போக அவன் தலை சின்னதாகிக்கொண்டே வந்தது. உச்சியில் ரெட்டைச் சுழி. ஒரு வயதில் காது குத்தி மொட்டை அடித்தபோது பார்த்தது. அது அங்கேயே இருந்திருக்கிறது. நான்தான் மறந்துபோனேன்.

"ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டி," என்றார் என் கணவர் வாசலில் நின்றுகொண்டு.

"ஒரு கேர்ள்பிரெண்டுக்கே வழியில்ல, பா," என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சுழிகளின் மேல் சந்தனத்தைப் பூசினேன். நன்றாகத் தேய்த்தேன். அவன் தலையைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அவனும் கணவரும் விமானம் ஏறினார்கள். சேர்கிற நாளில் குடும்பத்தாரைப் பயிற்சி முகாம் இருக்கிற தீவுக்குள் விடுவார்கள் என்பதால் அவர் கூடப் போனார். நான் போகவில்லை. போயிருந்தால் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவன் உறுதிமொழி எடுக்கிற படத்தைக் கணவர் அனுப்பினார். வரிசையாக நூற்றுக்கணக்கான மொட்டைத் தலைகள். என் பிள்ளை எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் முடி வெட்டிய தலை மட்டும் மேடு பள்ளமாக இருந்ததால் கண்டுபிடித்தேன்.

இப்போது வார இறுதியில் முகாமிலிருந்து வெளியே விட்டால் நேராக ஈசூனுக்குத்தான் போகிறான். போனில் கூப்பிடுவார்கள். தாத்தா வழுக்கை, பேரன் மொட்டை, கையில் மைலோ. பின்னால் டிவியில் யாரோ யாரையோ தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். "கறுத்துட்டான்மா," என்பார் அப்பா. "சாப்பாடு போட்டீங்களான்னு கேக்காத, மூணு பரோட்டா தின்னுட்டான்." அவன் தூங்கி வழிவான். பேசிக்கொண்டிருக்கும்போதே தாத்தாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். அப்பா அசையாமல் உட்கார்ந்திருப்பார். நானும் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடியைக் கோயிலுக்குக் கொண்டுபோன நாளைச் சொல்ல மறந்துவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். குருக்கள் தட்டை நீட்டி, "பிரார்த்தனை நிறைவேறிடுத்தாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. சும்மா குடுக்கிறோம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தீபாராதனைக்குக் கண்ணை மூடினேன். வாய் பழைய பழக்கத்தில் ஓடத் தொடங்கியது. முருகா, என் பிள்ளை போனபடியே முழுசாகத் திரும்பி வந்தால், அவனுடைய... அங்கேயே நிறுத்தினேன். அவனுடையதை எடுத்துக் கொடுக்க நான் யார்?

என் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இடுப்பு வரை வரும், முக்கால்வாசி நரை. கல்யாணத்துக்குப் பிறகு அதில் கத்தரிக்கோல் பட்டதில்லை. இதை வேண்டிக்கொண்டேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் வருகிற நாளில் ஆக்லாந்து விமான நிலையத்தில், வெளியே வருகிற வாசலில், மொட்டைத் தலையோடு நிற்பேன். கூட்டத்தில் என்னைத் தேடுவான். அவன் முடி வளர்த்துக்கொண்டு வரட்டும்.